கிளிப் போட்ட பல்லை எப்படித் துலக்குவது?

பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும், முன்பல் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, இடைவெளி எவ்வளவு மூடியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தினமும் கண்ணாடியில் பார்க்க வேண்டிய இடம் வேறு. பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் என்ற சின்னத் துண்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு சின்னப் பட்டை தெரியும். கிளிப் போட்டவர்களின் பல் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

கழற்றி மாட்டுகிற பிளேட், வெளியே தெரியாத அலைனர் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. பல்லிலேயே ஒட்டி, கம்பி கோத்து, ஒன்றரை இரண்டு வருடம் வாயிலேயே இருக்கிற கிளிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாகப் போட்டுக்கொண்டவர்களுக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் இது உதவும்.

வாய்க்குள் என்ன மாறுகிறது?

கிளிப் இல்லாதபோது நாக்கு, உதடு, கன்னம், எச்சில் எல்லாம் சேர்ந்து பல்லின் மேற்பரப்பை ஓரளவு துடைத்துக்கொண்டே இருக்கும். பிராக்கெட் ஒட்டியதும் ஒவ்வொரு பல்லிலும் நாலு புதிய ஓரங்கள் வந்துவிடுகின்றன. நடுவில் கம்பி ஓடுகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்ள ரப்பர் வளையம் வேறு. இத்தனை மூலைமுடுக்கிலும் பாக்டீரியா படலம் நிம்மதியாகத் தங்கிவிடுகிறது.

மாட்டிக்கொண்ட கீரையோ பருக்கையோ கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடுவோம். தொல்லை கொடுப்பது இந்தப் படலம். வெள்ளையாக, மாவு போல இருக்கும். பல்லின் நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று தெரியாது. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எடுத்துக்கொண்டு அது அமிலத்தை விடும். பல்லின் மேல், அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் இதைச் சரிக்கட்டி, இழந்த தாதுவைத் திரும்ப ஏற்ற முயலும். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் இன்னொரு பிஸ்கட் உள்ளே போனால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பம்.

இப்படியே போனால் பிராக்கெட்டைச் சுற்றி சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தழும்பு விழும். இது வர வருடக்கணக்கெல்லாம் ஆகாது. துலக்குவது சரியில்லை என்றால் நாலு வாரத்துக்குள்ளேயே வந்துவிடும், அதாவது அடுத்த முறை டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே. பிராக்கெட்டுக்கு நேர் கீழே இருக்கும் எனாமலைப் பசை மூடிக் காப்பாற்றுகிறது. சுற்றியிருப்பது மட்டும் வெளுத்துப் போகிறது. அதனால் கிளிப்பைக் கழற்றும் நாளில், வரிசையாக நேராக நிற்கும் பற்களில் ஒவ்வொன்றிலும் பிராக்கெட் அளவுக்கு ஒரு கட்டம், அதைச் சுற்றி வெள்ளைச் சட்டம். இரண்டு வருடம் வலியும் செலவும் பட்டு, கடைசியில் அதைப் பார்ப்பது மனதுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம். சில தழும்புகள் பிறகு மங்கும். சில அப்படியே நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் அதே இடம் குழிந்து சொத்தையாகும்.

ஈறுக்கும் இதே படலம்தான் எதிரி. முதலில் ஈறு சிவக்கும், துலக்கும்போது ரத்தம் வரும். அப்புறம் வீங்கி பிராக்கெட்டை நோக்கி இறங்கும். நான் மேலே சொன்ன அந்தச் சின்னப் பட்டை மூடிக்கொள்ளும். பிரஷ் போக வழியில்லாததால் வீக்கம் இன்னும் கூடும்.

ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியது

சொத்தை இருந்தால் அடைத்துவிடுங்கள், பல்லில் கெட்டியாகப் படிந்த காரை இருந்தால் அதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துவிடுங்கள். டாக்டரே இதைச் சொல்வார். நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: நல்ல வெளிச்சத்தில் பற்களைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்று தெரிய வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்கவும் சேர்த்துத்தான் வந்தது. சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ ஏற்கெனவே இருக்கலாம். அப்படிப்பட்ட எனாமலில் பிராக்கெட் ஒட்டுவதும் கொஞ்சம் சிரமம், அதனால் எந்த ஊரில் வளர்ந்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கறையைப் பார்த்துப் பயந்து ஃபுளோரைடு பேஸ்ட்டே வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத பயம். பல் உருவாகிற வயதில் விழுங்கிய ஃபுளோரைடால்தான் அந்தக் கறை வருகிறது. முளைத்து முடிந்த பல்லின் மேல் தடவித் துப்பும் ஃபுளோரைடு எனாமலைக் காக்கிறது.

வாங்கி வைக்க வேண்டியவை

மென்மையான பிரஷ் ஒன்று வேண்டும். தூரிகை நடுவில் பள்ளமாக வெட்டியிருக்கும் ஆர்த்தோ பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சின்னத் தலை உள்ள சாதாரண சாஃப்ட் பிரஷ்ஷே போதும். கம்பியில் உரசி நார் சீக்கிரம் விரிந்துவிடும் என்பதால் மூன்று மாதம்வரை காத்திருக்காமல், விரிந்ததும் மாற்றுங்கள்.

இரண்டாவது, இன்டர்டென்டல் பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குண்டூசி அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கிளிப் போட்டவர்களுக்கு இதைவிட உபயோகமான பொருள் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மவுத்வாஷை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். அளவு பல வகை உண்டு. எது பொருந்தும் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஃபுளோரைடு கலந்த பேஸ்ட். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஃபுளோரைடின் அளவு சுமார் 1000 பி.பி.எம். என்று போட்டிருக்கும். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடு இருக்காது. கரி கலந்த பேஸ்ட்டும் சொரசொரப்பான பல்பொடியும் இப்போது வேண்டாம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று கேட்டு வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஆலங்குச்சியையோ வேலங்குச்சியையோ ஒடித்து நீட்டத்தான் செய்வார்கள். அந்தக் குச்சி கம்பிக்கு அடியில் போகாது; கடிக்கும்போது பிராக்கெட் பெயர்ந்துவரவும் வாய்ப்பு உண்டு. கிளிப் கழற்றும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

இவை தவிர பல் நூலும், அதைக் கம்பிக்கு அடியில் கோத்து இழுக்க பிளாஸ்டிக் ஊசி போன்ற ஒரு த்ரெடரும். கன்னம் உரசும் இடத்தில் ஒட்ட டாக்டர் கொடுக்கும் மெழுகு. தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃபிளாஸர் இருந்தால் நல்லது, ஆனால் அது உணவுத் துணுக்கைத்தான் நன்றாகத் தள்ளும். ஒட்டிய படலத்தை எடுக்கப் பிரஷ்ஷேதான் வேண்டும்.

ராத்திரித் துலக்கல்

ஒரு நாளில் ஒரு முறைதான் முழுமையாகச் செய்ய முடியும் என்றால் அது ராத்திரியாக இருக்கட்டும். தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும், பல்லைக் காக்க ஆள் இருக்காது. படுக்கப் போகும் நேரத்தில் செய்தால் தூக்கம் சொக்கும், அவசர அவசரமாக முடித்துவிடத் தோன்றும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள், அப்புறம் தண்ணீர் மட்டும்.

முதலில், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே மாட்டும் ரப்பர் பேண்ட் இருந்தால் கழற்றுங்கள். வாய் நிறையத் தண்ணீர் வைத்து நன்றாகக் குலுக்கிக் கொப்பளியுங்கள். இதிலேயே பாதித் துணுக்கு வந்துவிடும்.

அடுத்து இன்டர்டென்டல் பிரஷ். பேஸ்ட் வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் போதும். நுரை இல்லாமல் இருந்தால்தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே, கம்பிக்கு அடியில், மேலிருந்து கீழாக நுழையுங்கள். நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிரஷ்ஷைச் சாய்த்து இடது பக்கப் பிராக்கெட்டின் ஓரத்தைத் தேயுங்கள், பிறகு வலது பக்க ஓரத்தை. அதே இடைவெளியில் கீழிருந்து மேலாகவும் ஒரு முறை. பிறகு அடுத்த இடைவெளி. அழுத்தி நுழைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வளைந்துவிடும். போகவில்லை என்றால் கோணத்தை மாற்றுங்கள். பிரஷ்ஷை அடிக்கடி தண்ணீரில் அலசுங்கள். வெள்ளையாக ஒட்டி வருகிறதே, அதுதான் நாம் தேடிய படலம்.

கடைவாயில் பல்லைச் சுற்றி உலோக வளையம் மாட்டியிருந்தால் அதன் ஈறு ஓரத்தையும் விடாதீர்கள். கைக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. வாயை அகலத் திறப்பதைவிட, பாதி மூடிக் கன்னத்தைத் தளர்த்தினால் பிரஷ் அங்கே சுலபமாகப் போகும்.

இப்போது பேஸ்ட்டும் பெரிய பிரஷ்ஷும். ஒவ்வொரு பல்லின் வெளிப்பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் பட்டை. தூரிகையை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, பாதி நார் ஈறின் ஓரத்திலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். இரண்டு பல்லுக்குப் பத்து விநாடியாவது கொடுங்கள். இரண்டாவது, நேராக வைத்து பிராக்கெட்டின் மேல். மூன்றாவது, எதிர்ப்பக்கம் இருந்து சாய்த்து, பிராக்கெட்டுக்கும் கடிக்கும் முனைக்கும் நடுவில். இந்த மூன்றையும் கீழ் வரிசையிலும் செய்யுங்கள். உள்பக்கத்தையும் மெல்லும் பரப்பையும் வழக்கம்போலத் துலக்கலாம். கீழ் முன்பல்லின் உள்பக்கத்தில் மட்டும் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பழகாத முதல் வாரத்தில் இன்னும் கூடும்.

பல் நூலைத் தினம் ஒரு முறை போட்டால் நல்லது. ஒவ்வொரு இடைவெளியிலும் த்ரெடரைக் கோத்து இழுத்து முடிக்க நேரம் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். அப்படியானால் முன் ஆறு பற்களுக்கு மட்டுமாவது ஆரம்பியுங்கள். நூலைக் கம்பியோடு சேர்த்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

கடைசியில் துப்புங்கள், வாய் கொப்பளிக்காதீர்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். மடமடவென்று தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துத்தானே பழக்கம். பல்லின் மேல் கொஞ்சம் ஃபுளோரைடு தங்கட்டும். ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

சரி, சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, போனின் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். உலோகம் பளிச்சென்று மின்ன வேண்டும், பிராக்கெட்டின் நாலு ஓரமும் கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரிய வேண்டும். ஓரம் மங்கலாகக் கலைந்து தெரிந்தால் அங்கே படலம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் படலத்துக்கு நிறமேற்றும் மாத்திரையோ சொட்டு மருந்தோ டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். என் மகள் நன்றாகத் துலக்கியதாகச் சொல்லிவிட்டு அதை மென்று காட்டினாள். முன்பற்கள் எல்லாம் வெள்ளையாக இருக்க, வலது கோரைப் பல்லில் பிராக்கெட்டுக்கு மேலே மட்டும் மை கொட்டியதுபோல ஊதா. அந்தப் பல் வரிசையில் இருந்து துருத்தி நின்றதால் பிரஷ் அதைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறது. நான் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது அந்த ஊதாவைப் பார்த்ததும் ஏறிவிட்டது. வாரம் ஒரு முறை இப்படிப் பார்த்தால் போதும்.

காலையும் மதியமும்

காலையில் பெரிய பிரஷ்ஷால் மூன்று நிமிடம் துலக்கினால் போதும், இன்டர்டென்டல் பிரஷ்ஷை முன்பக்கம் ஒரு ஓட்டு ஓட்டலாம். பள்ளி, ஆபீஸ் போகிறவர்கள் ஒரு சின்னப் பையில் மடக்கு பிரஷ், ஒரு இன்டர்டென்டல் பிரஷ், மெழுகு, கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். மதியம் துலக்க இடமில்லை என்றால் இரண்டு மூன்று வாய் தண்ணீர் வைத்து நன்றாகக் கொப்பளித்தாலே பெரிய உதவி.

எலுமிச்சை ஜூஸ், கோலா போன்ற புளிப்பான பானம் குடித்த உடனே துலக்காதீர்கள். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

ஃபுளோரைடு மவுத்வாஷ் உபயோகித்தால் பள்ளிவிட்டு வந்ததும், அல்லது மாலையில், துலக்காத நேரத்தில் உபயோகியுங்கள். மருந்துக்கடையில் மவுத்வாஷ் என்று கேட்டால் பல நேரம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை எடுத்துக் கொடுப்பார்கள். அது ஈறு வீக்கத்துக்குக் கொஞ்ச நாள் மட்டும், டாக்டர் சொன்னால் மட்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், நாக்கின் ருசியும் மாறும்.

சாப்பாடு

எதைச் சாப்பிடலாம் என்ற பட்டியலைவிட எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். விருந்தில் இலையோடு சேர்த்துச் சாப்பிட்ட ஜிலேபியால் வரும் கெடுதலைவிட, பதினோரு மணிக்கு ஒரு சர்க்கரை டீ, மூன்று மணிக்கு பிஸ்கட், ஐந்து மணிக்கு இன்னொரு டீ, நடுவில் ஒரு சாக்லேட் என்று போவதால் வரும் கெடுதல் அதிகம். இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கிளிப்பை உடைப்பவை வேறு. முறுக்கு, சீடை, தட்டை, கடலைமிட்டாய், கரும்பு, ஐஸ்கட்டி, எலும்பைக் கடிப்பது ஆகியவை வேண்டாம். கொய்யா, ஆப்பிள், மாங்காய் எல்லாம் சின்னத் துண்டாக நறுக்கிப் பின்பல்லால் மென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். சோளக்கதிரை உதிர்த்துக்கொள்ளுங்கள். பரோட்டாவைப் பல்லால் கடித்து இழுக்காமல் சின்னதாகப் பிய்த்து, சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிடலாம். பேனா மூடியைக் கடிப்பது, நகம் கடிப்பது இரண்டாலும் பிராக்கெட் பெயரும். பிராக்கெட் லேசாக விட்டு ஆடிக்கொண்டிருந்தால் இடுக்கில் படலம் சேரும், கம்பி தாறுமாறாக நகரும். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் போன் செய்துவிடுங்கள்.

செராமிக் கிளிப் போட்டவர்கள் மஞ்சளைப் பற்றிக் கவலைப்படுவார்கள். மஞ்சள் நிறமாக மாறுவது பிராக்கெட் இல்லை, நிறமில்லாத ரப்பர் வளையம். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதை மாற்றும்போது கறையும் போய்விடும். அதற்காகச் சாம்பாரை நிறுத்த வேண்டியதில்லை. உறுத்தினால் அடுத்த முறை சாம்பல் நிறமோ அடர் நிறமோ கேளுங்கள்.

முதல் சில நாள்

ஒட்டிய மறுநாள் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாள் பல் கூசும், கடித்தால் வலிக்கும். இடியாப்பம், குழைந்த பொங்கல், ரசம் சாதம், தயிர் சாதம் என்று ஓட்டுங்கள். வலிக்கிறதே என்று துலக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், மெதுவாகவாவது பிரஷ் படட்டும். கன்னத்தில் புண் வந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். மெழுகை ஒட்டுவதற்கு முன் அந்தப் பிராக்கெட்டைப் பஞ்சால் துடைத்து ஈரம் போக்கினால்தான் நிற்கும். பல் துலக்கும்போது பழைய மெழுகை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ரத்தம் வந்தால்

ஈறில் ரத்தம் வந்ததும் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. மென்மையான பிரஷ்ஷால் அதே இடத்தை இன்னும் கவனமாகத் துலக்குங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலும் வந்தாலோ, ஈறு பிராக்கெட்டைத் தொடும் அளவு வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கம்பி மாற்றும் நாளில், பழைய கம்பியைக் கழற்றியதும் ஐந்து நிமிடம் துலக்கிவிட்டு வரட்டுமா என்று கேளுங்கள். கம்பி இல்லாத பல்லைத் துலக்கக் கிடைக்கும் அருமையான நேரம் அது. சுத்தம் தொடர்ந்து மோசமாக இருந்தால், பல் முழுக்க நேராவதற்கு முன்பே கிளிப்பைக் கழற்றிவிட டாக்டர் முடிவெடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங்கையும் தள்ளிப்போடாதீர்கள். கிளிப் டாக்டரைத்தான் மாதாமாதம் பார்க்கிறோமே என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

கழற்றிய பிறகு

பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ரிடெய்னர் கொடுப்பார்கள். கீழ் முன்பல்லுக்குப் பின்னால் கம்பி ஒட்டும் வகை என்றால், இன்டர்டென்டல் பிரஷ்ஷையும் த்ரெடரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எச்சில் சுரந்து வரும் துவாரம் அங்கேதான் இருப்பதால் காரை சீக்கிரம் படியும் இடமும் அதுதான். கழற்றி மாட்டும் ரிடெய்னரைச் சுடுதண்ணீரில் போட்டால் வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரும் சாஃப்ட் பிரஷ்ஷும் போதும். சாப்பிடும்போது அதை டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைக்காமல் டப்பாவிலேயே வையுங்கள், பேப்பரில் இருந்தால் இலையோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.